கீமோஸ்டாட்டில் ஃபீட்டைக் கூட்டியதும் செல்கள் வெளியேறிவிடுகின்றன, எங்கே சிக்கல்?

வளர்ஊடகம்:

வணக்கம். எம்.டெக். கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஈ. கோலை பாக்டீரியாவைத் தொடர் வளர்ப்பில் (கீமோஸ்டாட்: ஃபீட்டாகப் புது மீடியம் உள்ளே போகப் போக, அதே அளவு செல்களோடு வெளியேறும்) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2 லிட்டர் கண்ணாடி ரியாக்டர், அதில் 1 லிட்டர் குறிவரை திரவம். மினிமல் மீடியம் (அமினோ அமிலம் போன்றவை தயாராக இல்லாத எளிய ஊடகம்), லிட்டருக்கு 4 கிராம் குளுக்கோஸ், 37 டிகிரி, பி.ஹெச். 7 (சோடா கரைசல் தானாக இறங்கும்), நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று. திரவ மட்டத்தில் ஒரு வெளியேற்றுக் குழாய் வைத்து, ஃபீட் பம்பைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும் இன்னொரு பம்பால் உறிஞ்சி எடுக்கிறோம், அதனால் மட்டம் தானாக நிற்கும்.

மணிக்கு 300 மி.லி. ஃபீட் போனபோது எல்லாம் நன்றாக இருந்தது, ஓ.டி. (திரவத்தின் கலங்கல், செல் அளவைக் காட்டுவது) 4.2-இல் அசையாமல் நின்றது. அப்புறம் ஒரே எட்டில் 500 மி.லி.க்கு ஏற்றினேன். 2 மணி நேரத்தில் 3.0, 4 மணி நேரத்தில் 2.1, 6 மணி நேரத்தில் 1.5. இப்போதைக்கு ஃபீட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

குழப்பம் இதுதான். ஃப்ளாஸ்க்கில் இதே ஸ்ட்ரெய்னுக்கு அதிகபட்ச வளர்ச்சி வீதம் மணிக்கு 0.62 என்று எங்கள் லேபில் அளந்து வைத்திருக்கிறார்கள். 1 லிட்டருக்கு 500 மி.லி. என்றால் டைல்யூஷன் ரேட் 0.5தானே, அது அடங்கத்தானே வேண்டும்? மைக்ராஸ்கோப்பில் வேறு கிருமி எதுவும் தெரியவில்லை. "செல்லெல்லாம் செத்துவிட்டது, கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி" என்கிறார் ஒரு சீனியர். கொட்டுவதற்கு முன் காரணம் தெரிந்தால் நல்லது.

நுரைக்கட்டி:

கொட்டாதீர்கள். ஃபீட் நின்றிருக்கும்போது காற்றும் கலக்கலும் மட்டும் ஓடட்டும். உள்ளே தின்னப்படாத குளுக்கோஸ் நிறைய இருக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓ.டி. ஏறத் தொடங்கினால் சீனியருக்குப் பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்று, நுரை வந்து வெளியேற்றுக் குழாயில் போகிறதா பாருங்கள். நுரையில் செல்கள் திரவத்தில் இருப்பதைவிடச் செறிவாக ஒட்டிக்கொண்டு வரும், அப்படி வந்தால் டைல்யூஷன் கணக்குக்கு மேலேயே செல் போய்க்கொண்டிருக்கும். உள்ளே எடுத்த சாம்பிளையும் வெளியே வரும் நீரையும் ஒரே நேரத்தில் ஓ.டி. பார்த்தால் தெரிந்துவிடும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரிவுக்கணக்கு:

"செத்துவிட்டது" என்பதை உங்கள் எண்களே மறுக்கின்றன. கிணற்றில் ஊற்று சுரக்கிறது, மோட்டார் இறைக்கிறது, இரண்டின் வித்தியாசம்தான் தண்ணீர் மட்டம் ஏறுவதும் இறங்குவதும். இங்கே ஊற்று வளர்ச்சி வீதம், மோட்டார் டைல்யூஷன் ரேட். வளர்ச்சி முழுவதும் நின்றுபோயிருந்தால் மணிக்கு 0.5 என்ற வீதத்தில் செல்கள் அப்படியே கழுவப்பட்டு, 2 மணி நேரத்தில் ஓ.டி. 1.5-க்கும், 6 மணி நேரத்தில் சுமார் 0.2-க்கும் வந்திருக்க வேண்டும் (செத்த செல்லும் ஓ.டி.யில் தெரியும், ஆனால் அதுவும் வெளியேறும் நீரோடு போகத்தானே செய்யும்). உங்களுக்கு 6 மணி நேரம் கழித்தும் 1.5 இருக்கிறது. ஆக உள்ளே செல்கள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன, போதுமான வேகத்தில் வளரவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு வேகம் என்பதையும் இதிலிருந்தே எடுத்துவிடலாம். ஓ.டி.க்கு இயல் மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிராக வரைந்தால் வரும் சரிவு, வளர்ச்சி வீதத்திலிருந்து டைல்யூஷன் ரேட்டைக் கழித்தது. 4.2-லிருந்து 1.5, 6 மணி நேரம்: சரிவு மணிக்குக் கழித்தல் 0.17. டைல்யூஷன் ரேட் உண்மையிலேயே 0.5 என்றால் செல்கள் 0.33 வீதத்தில் வளர்ந்திருக்கின்றன.

எனக்கு இதில் சுவாரசியமானது வேறு. உங்கள் மூன்று இடைவெளிகளிலும் ஓ.டி. கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில், சுமார் 0.71 மடங்காகக் குறைந்திருக்கிறது, அதாவது கோடு நேராக இருக்கிறது. ஆக்சிஜன் பற்றாக்குறை காரணமாக இருந்திருந்தால், செல் குறையக் குறைய ஆளுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கூடி, வளர்ச்சி ஏறி, கோடு போகப்போகப் படுத்திருக்கும். இரும்போ மெக்னீசியமோ குறைந்திருந்தாலும் அதே கதைதான், தின்ன ஆள் குறைந்ததும் மிச்சம் சேர்ந்துவிடும். 300-லிருந்து 500-க்கு ஒரே எட்டில் போனதால் செல்கள் வேகம் பிடிக்க நேரம் எடுத்துக்கொண்டன என்றால் முதலில் சரிந்து பிறகு திரும்பியிருக்கும், அதுவும் நடக்கவில்லை. நேர்கோடாகவே விழுகிறது என்றால் இரண்டில் ஒன்று: உங்கள் ரியாக்டரின் நிலைமையில் அதிகபட்ச வளர்ச்சியே அவ்வளவுதான், அல்லது டைல்யூஷன் ரேட் நீங்கள் நினைப்பது இல்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வெளியேறும் நீரை ஒரு மணி நேரம் அளவு உருளையில் பிடித்தால் எத்தனை மி.லி. (பம்பின் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், சிலிக்கோன் குழாய் நசுங்கி நசுங்கி நாளாக ஆக அளவு மாறும்)? கலக்கியையும் காற்றையும் நிறுத்தினால் திரவ மட்டம் எங்கே நிற்கிறது? ஃப்ளாஸ்க்கில் 0.62 அளந்தது இதே மீடியத்திலா?

வளர்ஊடகம்:

நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. நிறுத்தி வைத்ததில் ஓ.டி. ஏறிவிட்டது, செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. நுரை அதிகம் இல்லை, உள்ளேயும் வெளியேயும் ஓ.டி. ஒன்றுதான்.

ஃபீட்டைத் திரும்ப 500-இல் கொஞ்ச நேரம் விட்டு வெளியேறும் நீரைப் பிடித்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 500 மி.லி.தான் வருகிறது. பம்ப் சரி. ஆனால் கலக்கியையும் காற்றையும் நிறுத்தியதும் மட்டம் 850 மி.லி. குறிக்கு இறங்கிவிட்டது! ஃப்ளாஸ்க் மீடியத்தைப் பற்றிக் கேட்டேன். லேபின் பழைய நெறிமுறைப்படி அதில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் உண்டாம். ஸ்ட்ரெய்ன் டிஹெச்5-ஆல்ஃபா, தயமின் (வைட்டமின் பி1) சேர்த்துத்தான் ஓட்டுகிறோம்.

சரிவுக்கணக்கு:

முடிச்சு அவிழ்ந்தது. வெளியேற்றுக் குழாயின் வாய் காற்றுக் குமிழிகளோடு பொங்கி நிற்கும் மட்டத்தில் இருக்கிறது, அந்த 1 லிட்டரில் 150 மி.லி. வெறும் காற்று. உண்மையான திரவம் 0.85 லிட்டர். அப்படியானால் டைல்யூஷன் ரேட் 0.5 இல்லை, 500-ஐ 850-ஆல் வகுத்தால் சுமார் 0.59. அதிலிருந்து 0.17 கழித்தால் செல்கள் வளர்ந்தது 0.42 வீதத்தில். நீங்கள் 300 மி.லி.யில் ஓட்டியபோதும் அது 0.3 இல்லை, 0.35. அது 0.42-க்குள் அடங்கியதால் நின்றது, 0.59 அடங்காததால் போய்விட்டது. கணக்கு எல்லாப் பக்கமும் ஒத்துப்போகிறது.

0.62 என்பது ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் கொடுத்த சொகுசு. அமினோ அமிலங்கள் தயாராகக் கிடைத்தால் செல் அவற்றைத் தானே கட்ட வேண்டியதில்லை, வேகமாகப் பெருகும். போதாததற்கு டிஹெச்5-ஆல்ஃபா குளோனிங்குக்காகத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய ஸ்ட்ரெய்ன், மினிமல் மீடியத்தில் அது ஓடுகிற குதிரை இல்லை. ஃப்ளாஸ்க்கில் ஒரு மீடியம், ரியாக்டரில் இன்னொரு மீடியம் என்று இருந்தால் அந்த எண்ணை இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது.

பீனால்பித்தன்:

மேலே சொன்ன எல்லாம் சரி, ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்கும் பலரும் "செல்கள் கழுவப்பட்டுப் போகும் விளிம்புக்கு வருவதற்கு முன்பே ஓ.டி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து எச்சரிக்கை கொடுக்கும்" என்று எதிர்பார்க்கிறார்கள். குளுக்கோஸில் அப்படிக் கொடுக்காது. ஈ. கோலைக்குக் குளுக்கோஸ்மேல் இருக்கும் பசி அவ்வளவு, லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே பாதி வேகத்துக்கு மேல் வளரும். உணவுச் செறிவையும் வளர்ச்சி வேகத்தையும் இணைக்கும் மோனோ சமன்பாட்டில் அந்த அரைவேகச் செறிவை 4 மில்லிகிராம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அதிகபட்ச வேகத்தில் 90 சதவீதத்தில் ஓட்டினாலும் உள்ளே மிஞ்சும் குளுக்கோஸ் 36 மில்லிகிராம்தான், 4 கிராம் ஃபீட்டில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஓ.டி. மீட்டரில் அது தெரியவே தெரியாது. இன்னும் மோசம், ஒரு மணி நேரத்தில் அதிக செல் கிடைக்கும் இடம் என்று சூத்திரம் காட்டுவது 97 சதவீதத்தில், அதாவது விளிம்பிலிருந்து அரை அடியில். பம்ப் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினாலோ ஹீட்டர் ஒரு டிகிரி இறங்கினாலோ கதை முடிந்தது. பாடப்புத்தகத்தில் "உகந்த டைல்யூஷன் ரேட்" என்று போட்டிருப்பதை அப்படியே ஓட்டப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

விளிம்புக்கு அருகேதான் வேலை என்றால் கீமோஸ்டாட்டை விட்டுவிட்டு டர்பிடோஸ்டாட்டுக்குப் போங்கள். அதில் ஓ.டி.யைப் பார்த்துத்தான் பம்ப் ஓடும், வளர்ச்சி குறைந்தால் ஃபீட்டும் குறையும், கழுவிக்கொண்டு போக வழியே இல்லை.

நான் பீனாலைத் தின்னும் சூடோமோனாஸ் புட்டிடா பாக்டீரியாவோடு மல்லுக்கட்டுகிறவன், அதில் நிலைமை இன்னும் கொடுமை. பீனால் உணவும்தான் விஷமும்தான். கொஞ்சம் இருந்தால் வளர்ச்சி ஏறும், அதிகமானால் இறங்கும். ஃபீட் ஒருமுறை சற்றுக் கூடிப்போனால் தின்னப்படாத பீனால் சேரும், அதனால் வளர்ச்சி குறையும், அதனால் இன்னும் சேரும், வழுக்கு மரம் மாதிரி. அப்போது ஃபீட்டைப் பழைய இடத்துக்கே இறக்கினாலும் பழைய நிலை திரும்பாது, ஏனென்றால் அதே டைல்யூஷன் ரேட்டுக்கு இரண்டு நிலைகள் உண்டு, ஒன்றில் செல் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, எதில் விழுவோம் என்பது எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்தது. ஃபீட்டை அடியோடு நிறுத்தி, உள்ளே சேர்ந்த பீனால் தீரும்வரை காத்திருந்து, தேவைப்பட்டால் புதுச் செல் ஊற்றி, மெதுவாக ஏற்ற வேண்டும். உங்களுக்குக் குளுக்கோஸ், அதனால் அதிர்ஷ்டசாலி.

ஈடிபி_சேலம்:

நான் படித்தவன் இல்லை தம்பி, டிப்ளமோ, ஜவ்வரிசி ஆலையில் கழிவுநீர் பிளாண்ட் பார்க்கிறேன். உங்கள் கணக்கைப் படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதே கணக்கை எங்கள் யுஏஎஸ்பி-க்கு (கழிவுநீர் கீழிருந்து கிருமிச் சேறு வழியாக மேலேறும், காற்றில்லாத தொட்டி) போட்டால் அது ஓடவே கூடாது. தண்ணீர் உள்ளே இருப்பது சுமார் 8 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு மூன்று முறை மாறுகிறது. மீத்தேன் நுண்ணுயிர் ஒன்று இரண்டாக நாள் கணக்கில் ஆகும். உங்கள் ரியாக்டராக இருந்தால் ஒரு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் எங்களிடம் அது குருணை குருணையாக உருண்டு அடியில் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் மேலே ஏறுவது மணிக்கு ஒரு மீட்டருக்குள், நல்ல குருணை கீழே இறங்குவது மணிக்கு 20 மீட்டருக்கும் மேல். தண்ணீர் போகிறது, அது போவதில்லை. நெதர்லாந்தில் வாகனிங்கனில் கட்சே லெட்டிங்கா என்பவர் 1970-களில் இதைக் கொண்டுவந்தார், இந்தியாவில் கான்பூர் ஜாஜ்மாவில் 1989-இல் ஊர்ச் சாக்கடைக்கே ஒன்று போட்டார்கள், நாளைக்கு 50 லட்சம் லிட்டர்.

ஆனால் எங்களுக்கும் ஸ்லட்ஜ் (அந்தக் கிருமிச் சேறு) போகும். வேலை மும்முரமாகும்போது ஒரே நேரத்தில் தண்ணீர் குவியும், மேலேறும் வேகம் கூடும், இலேசான ஸ்லட்ஜ் கருப்பாக வெளியே வரும். திப்பி (கிழங்குச் சக்கை) வடிகட்டாமல் உள்ளே போனால் அது குருணையோடு சிக்கி வாயு தங்கி மிதக்க ஆரம்பிக்கும், மிதந்தது வாயு பிரிப்பானைத் தாண்டினால் போச்சு. அதைவிட மோசம் புளித்துப்போவது. மாவுச்சத்துக் கழிவு வரும்போதே புளிப்புதான், அதிகமாக ஊட்டினால் அமிலம் சேர்ந்து மீத்தேன் நுண்ணுயிர் படுத்துவிடும். நாங்கள் தினமும் பார்ப்பது ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம், 0.3 தாண்டினாலே ஃபீட்டைக் குறைத்துவிடுவேன். வெளியேறும் நீரைக் கூம்புக் குடுவையில் ஒரு மணி நேரம் வைத்து அடியில் எவ்வளவு உட்காருகிறது என்றும் பார்ப்போம், திடீரென்று கூடினால் ஸ்லட்ஜ் போகிறது என்று தெரியும்.

ஒரு விஷயம் புரிய எனக்கு நாளானது. புதிதாக ஆரம்பிக்கும்போது கொஞ்சம் ஸ்லட்ஜ் போகத்தான் வேண்டும். பஞ்சு மாதிரி இருப்பது போனால்தான் கனமாக உருள்வதற்கு உணவு கிடைக்கும். எதையும் விடாமல் பிடித்து வைத்தால் குருணையே கட்டாது.

மணலிக்காற்று:

ஈடிபி அண்ணன் சொன்னதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். தண்ணீர் தங்கும் நேரத்தையும் செல் தங்கும் நேரத்தையும் பிரித்துவிட்டால் விளையாட்டே மாறிவிடுகிறது. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் செய்தது இதுதான், சாக்கடை நீருக்குக் காற்று ஊதி முடித்ததும் அடியில் உட்கார்ந்த சேற்றைக் கொட்டாமல் அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டார்கள், முதலில் வாரக்கணக்கில் ஆன வேலை போகப்போக ஒரு நாளுக்குள் முடிந்தது. இன்றைக்கு நான் பார்க்கும் எஸ்டிபி-யில் (சாக்கடைச் சுத்திகரிப்பு ஆலை) தண்ணீர் 6 மணி நேரம்தான் தங்குகிறது, ஸ்லட்ஜ் பத்து நாள்.

ஆனால் இங்கே ஒரு தந்திரமான வாஷ்-அவுட் (செல்கள் கழுவப்பட்டுப் போவது) உண்டு. தொட்டியைப் பார்த்தால் ஸ்லட்ஜ் கெட்டியாக இருக்கும், பி.ஓ.டி. (நீரில் மிஞ்சிய கரிமக் கழிவின் அளவு) அருமையாக இருக்கும், அம்மோனியா மட்டும் ஏறிக்கொண்டே போகும். போனது எல்லாம் இல்லை, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மட்டும். அது மற்றவற்றைவிட ரொம்ப மெதுவாக வளரும். ஸ்லட்ஜ் கெட்டியாக இருக்கிறதே என்று யாராவது தினம் கூடுதலாக வெளியே எடுத்தால், பத்து நாள் நான்கு நாளாகும், வேகமாக வளர்பவை தாக்குப்பிடிக்கும், இவை சத்தமில்லாமல் தீர்ந்துவிடும். திரும்ப வர வாரங்கள் ஆகும். ஓ.டி. மாதிரி மொத்த அளவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நீக்கும் அனமாக்ஸ் பாக்டீரியா இன்னும் ஒருபடி மேல், அது இரட்டிப்பாகவே பத்து நாளுக்குமேல் ஆகலாம், அதனால்தான் ராட்டர்டாமில் 2002-இல் முதல் பெரிய ஆலையை ஓட்டியபோதும் செல்லைப் பிடித்து வைப்பதுதான் முழு வடிவமைப்புமே.

வளர்ஊடகம்:

ஈடிபி அண்ணா, படிக்காதவர் என்று மட்டும் சொல்லாதீர்கள், எங்கள் வகுப்பில் யாரும் யுஏஎஸ்பி-யை இப்படி விளக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு சந்தேகம். 0.42 என்று வந்ததை "இந்த மீடியத்தில் அதிகபட்ச வளர்ச்சி வீதம்" என்று தீசிஸில் போடலாமா? இல்லை, இனி ஃப்ளாஸ்க்கில் மினிமல் மீடியத்தில் திரும்ப அளக்க வேண்டுமா?

சரிவுக்கணக்கு:

போடலாம். வேண்டுமென்றே அதிகபட்ச வேகத்துக்கு மேலே ஃபீட்டை ஏற்றி, கழுவிக்கொண்டு போகும் சரிவிலிருந்து வளர்ச்சி வீதத்தை எடுப்பது பழைய, நல்ல முறைதான், ஃப்ளாஸ்க்கைவிட இதில் பி.ஹெச்.சும் ஆக்சிஜனும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் நான்கு புள்ளிகளை வைத்து எழுதாதீர்கள். இன்னொரு முறை ஓட்டுங்கள், அரை மணிக்கு ஒரு சாம்பிள், ஃபீட்டை ஏற்றிய முதல் ஒரு தங்கு நேரத்தில் (உங்களுக்கு 1.7 மணி) வரும் புள்ளிகளை விட்டுவிடுங்கள், அப்போது செல்கள் வேகம் மாற்றிக்கொண்டிருக்கும். திரவத்தின் அளவை மட்டத்தை வைத்துச் சொல்லாமல், முடிந்தால் ரியாக்டரைத் தராசில் வைத்து எடை பாருங்கள். ஃப்ளாஸ்க்கிலும் ஒருமுறை அளந்து பக்கத்தில் போட்டால் வைவாவில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். திரவ மட்டத்தை ஒட்டியும், பேஃபிள் (திரவம் சுழலாமல் தடுக்கும் தகடு) மூலையிலும், சென்சார் தண்டிலும் வழவழவென்று ஒரு படலம் இருக்கிறதா என்று. தொடர் வளர்ப்பு நீளமாக ஓடினால் ஒட்டத் தெரிந்த செல்கள் அங்கே குடியேறிவிடும், அவற்றை எந்த ஃபீட்டும் கழுவாது, அங்கிருந்து செல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் கோட்டின் வால் படுத்துவிடும், வளர்ச்சி வீதம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். படலம் இருந்தால் அந்தக் கல்ச்சரிலிருந்து ஓட்டாதீர்கள், பாத்திரத்தைக் கழுவி ஆட்டோகிளேவ் செய்து, ஃப்ரீசரில் இருக்கும் கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள்.